கடல் கொண்டுபோன புதுச்சேரி – 14: துயரை ஆடித் தீர்த்தவர்கள்

1956-ஆம் ஆண்டு என்றால் புதுச்சேரி வரலாறு படித்தவர்களுக்கு ஒப்பந்தம்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு முன்பே, 1954 அக்டோபர் 18 அன்று, கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்துவிட்டார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான கையெழுத்துதான் பாக்கி. 1956 மே 28 அன்று புது தில்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் அதையும் போட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர மேலும் ஆறு வருஷம் ஆனது என்பது வேறு கதை.

அதே வருஷம் செப்டம்பரில் பாரிஸில் இன்னொரு கூட்டம் நடந்தது. சோர்போன் பல்கலைக்கழகத்தில், ‘பிரெசான்ஸ் ஆஃப்ரிக்கேன்’ இதழை நடத்திய அலியூன் தியோப் கூட்டிய கறுப்பின எழுத்தாளர், கலைஞர் மாநாடு அது. ஏமே செசேர், செங்கோர், ரிச்சர்ட் ரைட், பிரான்ஸ் ஃபனோன் எனக் காலனி ஆட்சியைக் கேள்வி கேட்டவர்கள் பலரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். நான்கு நாள் பேசினார்கள். மேடையில் பேசிய பெண் ஒருவர்கூட இல்லை. அடுத்த மாநாட்டிலாவது பெண்கள் வேண்டும் என்று ரைட்டே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் அதே 1956-இல், அதே பாரிஸில், இரண்டு கறுப்பினப் பெண்கள் முன்னால் நின்று ஒரு நாடகக்குழுவைத் தொடங்கியிருந்தார்கள். பெயர் ‘லெ கிரியோ’. ஒருவர் குவாதலூப் தீவைச் சேர்ந்த தகப்பனுக்குப் பிரான்சில் பிறந்த சாரா மால்தொரோர். மற்றவர் ஹெய்ட்டியிலிருந்து வந்த தொத்தோ பிசெந்த். தீமித்தே பசோரி, சாம்ப் அபாபகார் போன்ற ஆப்பிரிக்க இளைஞர்களும் கூட இருந்தார்கள். பணிப்பெண் வேஷமும் காட்டுவாசி வேஷமும் தவிரக் கறுப்பு நடிகர்களுக்குப் பாரிஸ் மேடையில் வேறு வேஷம் கிடைக்காத காலம். அதைப் பொறுக்காமல் பிறந்த குழு இது. ஒருவர் பின்னால் படம் எடுக்கப் போனார், மற்றவர் பாடப் போனார். இந்த அத்தியாயம் அவர்களையும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த சில பெண்களையும் பற்றியது.

புதுச்சேரித் தொடரில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதுவரை நாம் கப்பலைப் பற்றியும் கூலியைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் பேசினோம். நம் ஊரிலிருந்து போனவர்கள் பட்ட காயத்தைப் பேசினோம். அந்த மண்ணில் அந்தக் காயத்துக்கு மருந்து என்று ஒன்று இருந்ததா, யார் அதைக் காய்ச்சினார்கள் என்று பேசவே இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் கறுப்பினப் பெண்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் ஒரு கசப்பை விழுங்கியாக வேண்டும். அடிமை வியாபாரம் ஆப்பிரிக்கக் கரையோடு நின்றுவிடவில்லை. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் 1743-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால், ஏழைகளை ஏய்த்துப் பிடித்து அடைத்துவைத்துக் கப்பலேற்றிய விவகாரம் நம் புதுச்சேரிக் கரையிலேயே நடந்திருப்பது தெரியும். அந்தக் கப்பல்கள் போன திசை மொரீஷியசும் ரெயூனியனும். ஆகவே மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் இழுத்துவரப்பட்டவர்களோடு சோழமண்டலக் கரை மனிதர்களும் அந்தத் தீவுகளில் அடிமையாகவே முதலில் இறங்கினார்கள்.

1848 ஏப்ரல் 27 அன்று பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. ரெயூனியனில் அந்தச் செய்தியை ஆணையர் சார்தா கரிகா டிசம்பர் 20 அன்று அறிவித்தபோது விடுதலையானவர்கள் சுமார் 62,000 பேர். விடுதலையானவர் கூலி கேட்பார் அல்லவா? கேட்டார்கள். கொடுக்கத் தோட்ட முதலாளிகளுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள்பிடி தரகர்கள் முளைத்தார்கள். ‘ஓரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் தொகுதி இந்தியர்களை இறக்கியது. அதன்பின் முப்பது, முப்பத்தைந்து வருஷத்தில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், ரெயூனியனுக்கு லட்சத்துக்கும் மேல்.

கறுப்பினத்தார் கேட்ட கூலியை உடைக்கத்தான் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். இதை மூடி மறைத்துவிட்டு ‘இரு துயரும் ஒன்றாய்க் கலந்தன’ என்று இனிப்பாக எழுதுவது பொய்யாகிவிடும். பகை இருந்தது, ஏளனப் பெயர்கள் இருந்தன, அடிதடியும் இருந்தது. பகைவர்களாக நிறுத்தப்பட்டவர்கள் ஒரே லயத்துக் குடிசைகளில் படுத்து, ஒரே கரும்பை வெட்டி, இரவில் ஒருவர் மேளம் ஒருவர் காதில் விழ வாழ்ந்தார்கள். அப்படி வாழ்ந்துதான் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.

*

சோர்போன் மாநாட்டில் ஃபனோன் பேசியது இனவெறியும் பண்பாடும் பற்றி. அவர் மார்த்தினிக்கில் பிறந்த மனநல மருத்துவர். அப்போது அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் வேலை பார்த்தார். காலனி ஆட்சி நிலத்தை மட்டுமல்ல, மனத்தையும் நோயாக்குகிறது என்று மருத்துவக் குறிப்பாகவே எழுதிக்காட்டியவர் அவர். ஆனால் ஆட்டத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை குறைவு. அடிமைப்பட்டவன் பகலெல்லாம் அடக்கிய ஆத்திரத்தை இரவில் சாமியாடிக் கரைத்துவிடுகிறான், விடிந்ததும் மறுபடி அதே நுகத்தடிக்குப் போகிறான் என்பது 1961-இல் வந்த அவருடைய கடைசி நூலில் உள்ள வாதம். போராட்டம் சூடு பிடித்தால் இந்த ஆட்டமெல்லாம் தானே ஓய்ந்துவிடும் என்றும் கருதினார்.

லேசாகத் தள்ளிவிட முடியாத வாதம் இது. நம் ஊர்களிலும் சாமியாட்டத்தைப் பற்றிப் பகுத்தறிவு மேடைகளில் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டிருக்கிறோம். ஆனால் ஃபனோன் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு என்றே நான் நினைக்கிறேன். அவருடைய சொந்தத் தீவுக்கே அவருக்கு இருபது வருஷம் முன்னால் ஒரு கறுப்புப் பெண் கேமராவோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் கேத்தரின் டன்ஹம். 1909-இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் மாணவி. அதே சமயம் நடனக்காரி. 1935-இல் ஆய்வு உதவித்தொகை பெற்றுக் கரீபியத் தீவுகளுக்குப் புறப்பட்டார். மார்த்தினிக்கில் ‘லாக்யா’ என்ற சண்டை ஆட்டத்தைப் படம்பிடித்தார். மேளக்காரர் உட்கார்ந்து அடிக்க, இரண்டு ஆண்கள் வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் நோட்டம் பார்த்துச் சுற்றி, திடீரென்று பாய்ந்து, தொடுவது போலப் போய்த் தொடாமல் விலகுகிற ஆட்டம். எஜமானின் கண்ணுக்கு விளையாட்டு, ஆடுகிறவருக்குத் தற்காப்பு. சிலம்பத்தைக் கோயில் விழா என்ற பெயரில் காப்பாற்றிவைத்த ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். அந்தப் படச்சுருள்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 1938-இல் அதை வைத்தே சிகாகோ மேடையில் ஒரு நடன நாடகம் போட்டார்.

மார்த்தினிக்கைவிட ஹெய்ட்டிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. வூடு வழிபாட்டை ஆராயப் போனவர் அதில் தீட்சை பெற்றார். ஆராய்ச்சியாளர் எல்லை தாண்டலாமா என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. போர்ட்-ஓ-பிரின்சில் பின்னாளில் அவர் வாங்கிய பழைய பண்ணை வீட்டில் ஏழைகளுக்கு ஒரு மருத்துவ விடுதி நடந்தது. 1967-இல் அமெரிக்காவின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தெருச்சண்டைக் கூட்டங்களில் திரிந்த பையன்களைப் பிடித்துவந்து மேளமும் ஆட்டமும் கற்றுக்கொடுக்க ஒரு மையம் தொடங்கினார். 1992-இல், 82 வயதில், ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா கடலிலேயே திருப்பி அனுப்புவதைக் கண்டித்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆடினால் ஆத்திரம் கரைந்துபோகும் என்றால், அறுபது வருஷம் ஆடிய இந்தப் பெண்ணிடம் அது ஏன் கரையவில்லை?

*

லெ கிரியோ குழுவுக்குத் திரும்புவோம். 1959-இல் ழான் ழெனேயின் ‘கறுப்பர்கள்’ நாடகத்தை ரோழே பிளேன் இயக்கத்தில் நடித்துப் பாரிஸை அதிரவைத்த குழு அது. மால்தொரோர் பிறகு மாஸ்கோ போய்ப் படமெடுக்கக் கற்றார். 1972-இல் வந்த ‘சாம்பிஸாங்கா’ அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. அங்கோலாவில் போர்த்துகீசியப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன புருஷனைத் தேடிக் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் ஒரு பெண்ணின் கதை. விடுதலைப் போரைப் பற்றிய படம்தான். ஆனால் அதில் நாம் அதிக நேரம் பார்ப்பது துப்பாக்கியை அல்ல, அந்தப் பெண்ணின் நடையை. ஒவ்வொரு காவல்நிலைய வாசலிலும் ‘இங்கே இல்லை’ என்கிறார்கள், அவள் மறுபடி நடக்கிறாள். வழியில் பிற பெண்கள் அவளை உட்காரவைத்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, கூட அழுகிறார்கள். ஒப்பாரி தெரிந்த சமூகத்துக்கு அந்தக் காட்சி உடனே புரியும்.

தொத்தோ பிசெந்த் வேறு வழி போனார். சர்வாதிகாரி துவாலியே ஆண்ட ஹெய்ட்டிக்குத் திரும்ப முடியாத நிலையில், பாரிஸில் இருந்தபடி வூடு பாட்டுகளையும் அடிமைகளின் வேலைப் பாட்டுகளையும் எடுத்துப் பாடினார். 1977-இல் வந்த அவருடைய ஹெய்ட்டிப் பாட்டுத் தொகுப்பைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும்: முதலில் மேளம், பிறகு மூச்சு, அதற்கப்புறம்தான் குரல். கோயில் பாட்டைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தாலும் அதன் முரட்டுத்தனத்தை அவர் சீவித் தள்ளவில்லை. ஹெய்ட்டியின் அடிமைகள் 1791-இல் எழுந்த கிளர்ச்சியே ஓர் இரவு வூடு சடங்கில், செசீல் ஃபாத்திமான் என்ற பூசாரிப் பெண்ணின் முன்னிலையில் தொடங்கியது என்பது அந்நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அந்தக் கிளர்ச்சி 1804-இல் சுதந்திர நாடாக முடிந்தது. ஆடியவர்கள் விடிந்ததும் நுகத்தடிக்குத் திரும்பவில்லை.

1984-இல் மால்தொரோர் தன் பழைய தோழியைப் பற்றி ஒரு சிறு ஆவணப்படம் எடுத்தார். சேர்ந்து குழு தொடங்கி இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஒருத்தி பாட ஒருத்தி படம்பிடித்தாள். பிசெந்த் 1994-இல் போய்விட்டார். மால்தொரோர் 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு இரையானார்.

மார்த்தினிக்கின் யூசான் பால்சியைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். ஜோசப் ஸோபெல்லின் நாவலை வைத்து 1983-இல் அவர் எடுத்த ‘கறுப்பர் குடிசைத் தெரு’ கரும்புக்காட்டில் முதுகொடிய வேலை செய்து பேரனைப் படிக்கவைக்கும் ஒரு பாட்டியின் கதை. பாட்டியாக நடித்த தார்லிங் லெகித்திமுஸ் முப்பதுகளில் பாரிஸில் ஆடிப் பாடியவர். எழுபத்தைந்து வயதில் வெனிஸ் திரைவிழாவின் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தில் மெதூஸ் என்ற கிழவர் தீ மூட்டத்தின் அருகே உட்கார்ந்து சிறுவனுக்குச் சொல்கிறார்: விடுதலை வந்தது என்று மலையிலிருந்து ஓடி இறங்கினோம், பார்த்தால் நிலமெல்லாம் பழைய எஜமானிடமே இருந்தது என்று. அந்தக் கரும்புக்காட்டுக்குத்தான் நம் காரைக்கால்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். செசேர் பிறந்த பாஸ்-புவாந்த் வட்டாரத்தில் அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் உண்டு.

*

இனிச் சொல்லப்போவதுதான் இந்த அத்தியாயத்தை எழுதவைத்தது. குவாதலூப்பின் மேள ஆட்டத்துக்கு க்வோக்கா என்று பெயர். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இறைச்சி ஊறவைத்து வந்த பழைய மரப்பீப்பாயில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய மேளம். இரண்டு மேளம் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு பூலா என்று பேர். மக்கே என்ற மூன்றாவது மேளம் தன்னிஷ்டத்துக்குப் பேசும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டி எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். ஆடுகிறவர் ஒருவர் வட்டத்துக்குள் நுழைந்து மக்கேக்காரருக்கு எதிரில் வந்து நிற்பார்.

நம் ஊர் வழக்கத்தில் மேளத்துக்குத் தக்கபடி கால் போகும். அங்கே ஆடுகிறவரின் காலை மேளம் துரத்துகிறது. கால் எங்கே விழும் என்று மக்கேக்காரர் கண் கொட்டாமல் பார்த்து, விழுகிற கணத்தில் அடியைப் போட வேண்டும். ஆடுகிறவர் ஏமாற்றுவார். விழப்போகிறார் என்று தோன்றும். இடுப்பு ஒரு பக்கம் சரியும், முழங்கால் மடங்கும், பாதத்தின் ஓரம் மட்டும் தரையில் இருக்கும், பார்க்கிறவர் கை தானாகத் தாங்க எழும். அவர் விழமாட்டார். சரிந்த இடத்திலிருந்தே அடுத்த அடி பிறக்கும்.

இந்தத் தள்ளாட்டத்துக்கு அந்த ஊரில் ‘பிகிதி’ என்று பெயர். லேனா புலூ என்ற குவாதலூப் நடனக்காரி அதைப் பல வருஷம் உற்றுப் பார்த்தார். புவாந்த்-ஆ-பீத்ர் நகரில் 1990-இல் நடனப்பள்ளி தொடங்கியவர் அவர். ஐரோப்பிய நடனம் படித்துவிட்டு வந்தவருக்கு, உடம்பின் நடு அச்சு நேராக நிற்க வேண்டும் என்பது பால பாடம். தன் ஊர் மேள வட்டத்தில் அச்சு என்ற ஒன்றே நிலையாக இல்லை. அது தவறா, முறையா? முறைதான் என்று கண்டுகொண்டு அதையே ஒரு பயிற்சி முறையாக வகுத்தார். ‘டெக்னிகா’ என்பது அதன் பெயர். சாட்டை எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்தக் குழந்தையை எப்போது விற்பார்கள் என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உடம்பு, நிலையாக நிற்பதை நம்ப முடியாது. நிலைகுலைவதிலேயே பிழைக்கக் கற்றுக்கொண்டது. அந்த அறிவு கால்களில் இறங்கி, பேரப்பிள்ளைகளிடம் ஆட்டமாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவருடைய வாசிப்பு.

நான் இதை மருத்துவம் என்றே சொல்வேன். அடிபட்டதை மறக்கச் செய்யும் மருத்துவம் அல்ல. அடிபட்ட இடத்தில் ஒரு திறமை இருக்கிறது என்று அந்த உடம்புக்கே எடுத்துக்காட்டும் மருத்துவம். அரைமண்டியில் அசையாமல் உட்கார்ந்து அழகு சொல்லும் நம் மரபுக்கு எதிர்முனையில் நிற்கும் அழகு இது. இரண்டையும் ஒரே மேடையில் பார்க்கும் பாக்கியம் புதுச்சேரிக்குக் கிடைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

*

ரெயூனியன் நமக்கு இன்னும் நெருக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தத் தீவில் யாராவது ஒருவர் இருப்பார். அங்கிருந்து முன்னோர் ஊரைத் தேடி வருகிறவர்களும் பூசைச் சாமான் வாங்கிப் போகிறவர்களும் இன்றும் நம் தெருக்களில் நடக்கிறார்கள்.

அந்தத் தீவின் இசை மலோயா. மடகாஸ்கர், ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டத்தில் உண்டாக்கியது. ரூலேர் என்ற பெரிய பீப்பாய் மேளத்தைப் படுக்கவைத்து அதன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிப்பார்கள். கயாம்ப் என்பது கரும்புப்பூத் தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதைகளைப் போட்ட தட்டையான கிலுகிலுப்பை. இதன் மூல வீடு மேடை அல்ல, ‘செர்வீஸ் கபாரே’ என்ற இரவுச் சடங்கு. முன்னோர்களுக்குப் படையல் வைத்து, பேர் சொல்லி அழைத்து, விடியவிடியப் பாடுவார்கள். சிலர் மேல் அருள் இறங்கும். பேர் சொல்லி அழைப்பது அங்கே சின்ன விஷயமில்லை. 1848-இல் விடுதலையானவர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. பதிவேட்டுக் குமாஸ்தாக்கள் இஷ்டத்துக்கு வைத்தார்கள், சிலருக்குக் கேலியாகவும் வைத்தார்கள். அப்படிப்பட்ட சனங்கள் தங்களுக்குத் தெரிந்த உண்மையான பேர்களை இரவில் உரக்கச் சொன்னார்கள்.

பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் திருச்சபைக்கும் இது பிடிக்கவில்லை. பல காலம் மலோயா ஒளிந்தே வாழ்ந்தது. 1976-இல் ரெயூனியன் கம்யூனிஸ்ட் கட்சிதான் அதை இசைத்தட்டாக வெளியே கொண்டுவந்தது. 1981-இல் பிரான்சில் ஆட்சி மாறிய பிறகே தயக்கமின்றி வெளியே ஒலித்தது. 2009-இல் யுனெஸ்கோ அங்கீகாரம்.

கிராமூன் லேலே என்று ஒரு பெரிய பாடகர் இருந்தார், 2004-இல் காலமானார். மடகாஸ்கர் வழி, தமிழ் வழி இரண்டு மூதாதையரும் அவருக்கு உண்டு. இப்படிப்பட்ட குடும்பங்கள் தீவு முழுக்க இருக்கின்றன. ஒரு மாதம் செர்வீஸ் கபாரே, இன்னொரு மாதம் பாஞ்சாலிக்குத் தீமிதி. தமிழ்ச் சடங்கில் அடிப்பது தப்பு. நம் ஊரில் பறை என்று சொல்லும் அதே தோல் கருவி. பகைவர்களாக நிறுத்தப்பட்டவர்கள் இரண்டு தலைமுறையில் ஒரே வீட்டில் இரண்டு மேளத்தையும் மாட்டிவைத்தார்கள்.

மலோயா மேடை வெகுகாலம் ஆண்கள் கையில் இருந்தது. 1970-களில் பிரான்சுவாஸ் கிம்பேர் அதற்குள் ஒரு பெண் குரலை நுழைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் கிறிஸ்தீன் சலேம் தனித்து நிற்கிறார். தீவின் விடுதலை நாளான டிசம்பர் 20-இல், 1971-ஆம் ஆண்டு பிறந்தவர். கயாம்பைக் கையில் பிடித்து, ஆண் குரலோ என்று ஐயுறவைக்கும் அடிக்குரலில் தொடங்குவார். கிரியோல், மலகாசி, கொமோரோத் தீவு மொழி, சுவாஹிலி என்று ஒரே பாட்டு பல கரைகளைத் தொடும். செர்வீஸ் கபாரேயின் அருள் நிலை தன் மேல் மேடையிலும் இறங்குவதுண்டு என்று ஒளிவுமறைவின்றிச் சொல்பவர். கச்சேரிக்காரர்கள் வெட்கப்படும் இந்த உண்மையை அவர் வெட்கமில்லாமல் சொல்வதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆன் ஓஆரோ அடுத்த தலைமுறை. சிறுவயதில் சொந்த வீட்டிலேயே தகப்பனால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை 2018-இல் வந்த தன் முதல் தொகுப்பில் கிரியோல் மொழியில், மலோயா தாளத்தில் பாடினார். குடும்ப மானம் என்று ஊர் பொத்திவைக்கும் விஷயம். எஜமானின் சாட்டையைப் பாடப் பிறந்த இசையை, வீட்டுக்குள் ஓங்கிய கையைப் பாட அவர் திருப்பினார். முன்னோரின் பேர் சொல்லி அழைத்த அதே இசை இங்கே குற்றத்தைப் பேர் சொல்லி அழைக்கிறது.

*

ரெயூனியன் தமிழர் பக்கம் இதே காலத்தில் வேறொன்று நடந்தது. 1970-களுக்குப் பின் அங்கே தமிழ் மறுமலர்ச்சி என்று ஒரு அலை எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளும் குருக்களும் போனார்கள், கோபுரங்கள் உயர்ந்தன, நாகஸ்வரம் போனது. நல்லதுதான். ஆனால் தோட்டத்து மாரியம்மனுக்குக் கடா வெட்டித் தப்பு அடித்த வழிபாடு கொஞ்சம் கீழானது என்ற எண்ணமும் கூடவே இறங்கியது. கறுப்பின மக்கள் தங்கள் தோட்டத்து மேளத்தைத் தலைமேல் தூக்கிவைத்த அதே வருஷங்களில், நம்மவர்களில் ஒரு சாரார் தங்கள் தோட்டத்து மேளத்தைக் கண்டு கூசத் தொடங்கினார்கள். அந்தக் கூச்சம் ரெயூனியனில் விளைந்ததல்ல, இங்கிருந்து ஏற்றுமதியானது.

அந்தக் கூச்சத்துக்கு மருந்தும் இங்கேதான் பெண்கள் கையில் தயாரானது. 1990-இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, பள்ளிப் படிப்பு நின்றுபோன தலித் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பறையைக் கையில் கொடுத்தது. சாவுக்கு அடிக்கும் மேளம், ஆண்கள் மட்டுமே தொடும் மேளம், சாதியின் அடையாளமாகத் தோளில் சுமத்தப்பட்ட மேளம். அதை இடது தோளில் சாய்த்துப் பிடித்து, அடித்துக்கொண்டே குதித்து ஆடுகிறபோது அந்தப் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்க முடியாது. கருவியின் பிடியே அதற்கு விடாது; முதுகு நிமிர வேண்டும், எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் இவர்களோடு இருந்து எடுத்த ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ ஆவணப்படத்தில் அந்த நிமிர்வை ஒவ்வொரு பிள்ளையிடமும் பார்க்கலாம்.

லேனா புலூவின் மாணவிகளும் திண்டுக்கல் பிள்ளைகளும் சந்தித்ததாக எனக்குத் தெரிந்து பதிவு இல்லை. சந்தித்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. பீப்பாய் மேளமும் பறையும் 1854-லிருந்து குவாதலூப்பில் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்தத் தீவில் கேட்டவர்களில் ஒருவர் பெயர் ஹென்றி சிதம்பரம். 1863-இல் காப்பெஸ்தெர் என்ற ஊரில் தமிழ்க் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். கறுப்பினத்தாருக்கு 1848-இல் கிடைத்த குடியுரிமை தம் மக்களுக்கு ஏன் இல்லை என்று 1904-இல் நீதிமன்றம் ஏறினார். வழக்கு 1923 வரை இழுத்தது. அவர் வாதாடிய கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)